எந்த ரன், எந்தக் கிராஃப்?

கம்ப்யூட்டர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புகார்: சிமுலேஷனை மாற்றி ஓட்டினேன், கிராஃப் மாறவில்லை. இல்லாவிட்டால், மாறக் கூடாத இடத்தில் மாறியிருக்கிறது. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ரன் கொடுப்பதற்கு முன்னால் பழைய அவுட்புட் ஃபைலை அழித்துத்தான் ஆக வேண்டுமா? புதிது தானாக அதன் மேலேயே எழுதிக்கொள்ளுமே?
— கல்லூரி மாணவர், பல்லடம்

பதில்: எழுதும், ரன் ஒழுங்காக ஓடினால். பாதியில் செத்தால் பழையது அப்படியே உட்கார்ந்திருக்கும், உங்கள் கிராஃப் நிரல் அதையே அழகாக வரைந்து நீட்டும். அழியுங்கள்.

கேள்வி: எங்கள் சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையத்தின் ஆர்.ஓ., எவாப்பரேட்டர் இரண்டுக்கும் சேர்த்து உப்புக் கணக்கு ஒன்றைப் பைத்தானில் எழுதியிருக்கிறேன். உள்ளே வரும் நீரின் டி.டி.எஸ். அளவை மாற்றி ஓட்டுவேன். காலையில் கிராஃப் ஒழுங்காக மாறுகிறது. மதியத்துக்கு மேல் எதைக் கொடுத்தாலும் ஒரே கோடுதான். கம்ப்யூட்டர் சூடாவதாலா?
— பிளான்ட் இன்ஜினீயர், வீரபாண்டி

பதில்: கம்ப்யூட்டர் மேல் பழி போடாதீர்கள். மதியம் மேனேஜருக்கு ரிப்போர்ட் அனுப்புவதற்காக அந்த சி.எஸ்.வி. ஃபைலை எக்செல்லில் திறந்திருப்பீர்கள், மூடியிருக்க மாட்டீர்கள். விண்டோஸில் எக்செல் திறந்து வைத்திருக்கும் ஃபைலில் வேறு நிரல் எழுத முடியாது. ‘பெர்மிஷன் டினைட்’ என்று பைத்தான் கத்தியிருக்கும். நீங்கள் அனுப்பிய நிரலின் கடைசிப் பகுதியைப் பார்த்தேன். எந்தப் பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் மேலே போ என்று ‘டிரை–எக்செப்ட்’ போட்டு அதன் வாயைக் கட்டியிருக்கிறீர்கள். அந்த இரண்டு வரியை முதலில் தூக்குங்கள். நிரல் சிவப்பு எழுத்தில் நிற்பது அவமானம் ஒன்றும் இல்லை. பழைய எண்ணை வைத்து எவாப்பரேட்டருக்கு ஆவிக் கணக்குப் போடுவதுதான் பிறகு அவமானமாக முடியும்.

பி.டி.எஃப். படத்துக்கும் இதே தொல்லை உண்டு. அடோபி ரீடரில் திறந்திருந்தால் புதுப் படம் அதன் மேல் எழுதாது. சுமத்ரா பி.டி.எஃப். போட்டுக்கொள்ளுங்கள், அது ஃபைலைப் பிடித்து வைப்பதில்லை. படம் மாறினால் தானே புதுப்பித்தும் காட்டும்.

கேள்வி: முதுகலை ஆய்வுக்காக நொய்யல் படுகையின் நிலத்தடி நீரில் உப்பு பரவுவதை மாட்ஃப்ளோ, எம்.டி.3டி.எம்.எஸ். இரண்டையும் வைத்து மாதிரி செய்கிறேன். 2011இல் சாயப்பட்டறைகள் மூடப்படாமல் கழிவு ஆற்றில் தொடர்ந்து விழுந்திருந்தால் எப்படி என்று ஒரு ரன், நிறுத்திய பிறகு எப்படி என்று ஒரு ரன். மழை ஊறலையும் 10, 20 சதவீதம் கூட்டிப் பார்த்தேன். எல்லாக் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது. எண்களையும் இணைத்திருக்கிறேன். ‘இந்த மாற்றங்களால் படுகையில் பாதிப்பு இல்லை’ என்று முடிவு எழுதலாமா? வழிகாட்டி எழுதச் சொல்லிவிட்டார்.
— ஆய்வு மாணவி, காங்கேயம்

பதில்: எழுதாதீர்கள். நான் சொன்னதாகவே வழிகாட்டியிடம் சொல்லுங்கள்.

நீங்கள் காங்கேயத்துக்காரர். ஒரத்துப்பாளையம் அணை உங்களுக்குப் பக்கம். பாசனத்துக்கென்று கட்டிய அணையில் சாயக்கழிவு தேங்கி, கீழே கரூர் வரைக்கும் விவசாயிகள் நீதிமன்றம் ஏறி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் சேர்த்து மூடச் சொன்னது. துணி சாயத்துக்கு வெளியூர் போய்த் திரும்பிய அந்த மாதங்களை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஊரையே நிறுத்திப்போட்ட ஒரு மாற்றம் உங்கள் மாதிரியில் ஒரு தசமத்தைக்கூட அசைக்கவில்லை என்றால் ஆற்றைச் சந்தேகப்படுவதற்கு முன் உங்கள் ஃபோல்டரைச் சந்தேகப்பட வேண்டும்.

பாறை இடுக்கில் ஏறிய உப்பு லேசில் இறங்காது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு கோடும் கிட்டக்கிட்டப் போகலாம். ஆனால் நீங்கள் அனுப்பிய எண்கள் கடைசி இலக்கம் வரை ஒன்று. மழை ஊறலை 20 சதவீதம் கூட்டிய பிறகும் ஒரு மாதிரி அதே எண்ணை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கிறது என்றால் அது ஓடவே இல்லை, அல்லது ஓடியதை நீங்கள் படிக்கவில்லை.

எம்.டி.3டி.எம்.எஸ். உப்பளவை எழுதும் ஃபைலுக்கு எம்.டி.3டி.001.யு.சி.என். என்று பெயர். நீங்களாக மாற்றாத வரை யார் ஓட்டினாலும், எந்த ரன் ஆனாலும் அதே பெயர்தான். ‘மூடியபின்’ ரன்னுக்காக ‘மூடாமல்’ ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்திருப்பீர்கள், பழைய யு.சி.என். ஃபைலும் கூடவே வந்திருக்கும். புது ரன் தொடக்கத்திலேயே படுத்துவிட்டால் கிராஃபுக்கு அது போதும்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. எம்.டி.3டி.எம்.எஸ். நீரோட்டத்தைத் தானாகக் கணக்கிடாது. மாட்ஃப்ளோ எழுதிவைத்த எஃப்.டி.எல். என்ற இணைப்பு ஃபைலிலிருந்து எடுத்துக்கொள்ளும். மழை ஊறலை மாற்றிவிட்டு, மாட்ஃப்ளோவை மறுபடி ஓட்டாமல், எம்.டி.3டி.எம்.எஸ்.ஐ மட்டும் ஓட்டினால் என்ன ஆகும்? பழைய நீரோட்டத்தின் மேல் உப்பைப் பரப்பி, இன்றைய தேதி போட்ட புத்தம்புது ஃபைலை எழுதித் தரும். பிழைச் செய்தி எதுவும் வராது. பைத்தானின் ஃப்ளோபி வழியாக ஓட்டுகிறவர்களுக்கு மூன்றாவது குழியும் உண்டு. ஊறல் மதிப்பைப் பைத்தானில் மாற்றினால் அது மெமரியில் மட்டும்தான் மாறும். இன்புட்டை மறுபடி எழுதச் சொன்னால்தான் டிஸ்கில் மாறும். பிறகு, ரன் கட்டளை ‘ஓடியது’, ‘ஓடவில்லை’ என்று ஒரு விடை திருப்பித் தருகிறதே, அதை எத்தனை பேர் பார்க்கிறீர்கள்? அடுத்த வரியிலேயே படம் வரையப் போய்விடுகிறீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. மாட்ஃப்ளோ ஓடி முடிந்ததும் திரையைப் பாருங்கள். கடைசியில் ‘நார்மல் டெர்மினேஷன் ஆஃப் சிமுலேஷன்’ என்று இருக்க வேண்டும். இருந்தால் மாட்ஃப்ளோவின் லிஸ்ட் ஃபைலை நோட்பேடில் திறந்து, கடைசியில் இருக்கும் நீர் வரவு செலவு அட்டவணையைப் பாருங்கள். வரவுப் பக்கத்தில் ரீசார்ஜ் என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் 20 சதவீதம் கூட்டியிருந்தால் அந்த எண்ணும் 20 சதவீதம் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை என்றால் உங்கள் மாற்றம் மாட்ஃப்ளோ வாசலுக்கே வரவில்லை. கூடியிருந்து, நீர்மட்டமும் மாறியிருந்து, உப்பு மட்டும் மாறவில்லை என்றால் எஃப்.டி.எல். பழையது, அல்லது நீங்கள் வேறு ஃபோல்டரின் யு.சி.என். ஃபைலைப் படிக்கிறீர்கள். அரை நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் ஆய்வேட்டில் ஒரு வரி எழுதினால், சாயப்பட்டறையை மூடியும் பிரயோஜனம் இல்லை என்று பல்கலைக்கழகமே சொல்கிறது என நாளைக்கு ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவார்.

திருப்பூர்ப் பக்கம் பிறந்தவருக்கு இன்னொன்றைச் சொல்ல வேண்டியதே இல்லை, இருந்தும் சொல்கிறேன். சாயத்திலிருந்து வரும் துணி ஒவ்வொன்றிலும் லாட் நம்பர் இருக்கிறது. உடம்பை ஒரு லாட்டிலும் கையை இன்னொரு லாட்டிலும் வெட்டிய பனியனைச் செக்கிங் டேபிளில் இருக்கும் அக்கா கண்ணாலேயே பிடித்துத் தூக்கி எறிவார். துணிக்குக் காட்டும் மரியாதையை எண்ணுக்கும் காட்டுங்கள். ரன் ஒன்றுக்கு ஃபோல்டர் ஒன்று. நகல் எடுத்த ஃபோல்டர் வேண்டாம், காலி ஃபோல்டரில் இன்புட்டை மட்டும் வையுங்கள். ஃபோல்டர் பெயரில் ரன் நம்பர் இருக்கட்டும். படத்தின் மூலையிலும் அதே நம்பர் வரட்டும். அந்த நம்பரைக் கையால் தட்டாதீர்கள். எந்த ஃபோல்டரிலிருந்து எண்ணைப் படித்ததோ அதன் பெயரைக் கிராஃப் நிரலே எடுத்து அச்சிட வேண்டும். கையால் தட்டிய தலைப்பு அடுத்த ரன்னில் பழைய தலைப்பாகிவிடும், பிறகு தலைப்பு ஒன்று சொல்லும், கோடு ஒன்று சொல்லும்.

இது உங்கள் தலைமுறை கண்டுபிடித்த வியாதியும் இல்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன், ‘யாக்’ என்ற பேர்பெற்ற நிரலை எழுதியவர், ஒரு காலைப்பொழுது முழுவதும் சரியாக இருந்த நிரலில் பிழை தேடிக்கொண்டிருந்தார். பிழையை அவர் முன்பே திருத்திவிட்டிருந்தார். திருத்தியதைக் கம்பைல் செய்ய மறந்ததால் ஓடிக்கொண்டிருந்தது பழையது. அவர் புலம்பிக்கொண்டு வந்து நின்றது ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறையில். அதைக் கேட்டு ஃபெல்ட்மன் 1976இல் எழுதியதுதான் ‘மேக்’. 2003இல் அதற்காக அவருக்கு ஏ.சி.எம். விருதே கொடுத்தார்கள். மூல ஃபைலைவிட விளைவு ஃபைல் பழையதாக இருந்தால் அந்தப் படியை மறுபடி ஓட்டு, இவ்வளவுதான் அதன் வேலை. ஊறல் ஃபைல், அதிலிருந்து எஃப்.டி.எல்., அதிலிருந்து யு.சி.என்., அதிலிருந்து படம் என்று உங்கள் சங்கிலியை மேக்கில் நாலைந்து வரியில் எழுதிவிடலாம். ஒரு படி தோற்றால் மேக் அங்கேயே நிற்கும், படம் வராது. படம் வராததுதான் உங்களுக்கு நல்லது.

சரி செய்து ஓட்டியபின் எண்கள் எப்படி வந்தன என்று எழுதுங்கள். ஆவலாக இருக்கிறேன்.

கேள்வி: ஜூபிட்டர் நோட்புக்கில் மேலே மதிப்பை மாற்றினால் கீழே படம் மாறவில்லை.
— பெருமாநல்லூர்

பதில்: ‘ரீஸ்டார்ட் அண்ட் ரன் ஆல்’. பிறகும் மாறாவிட்டால் எழுதுங்கள். எழுத மாட்டீர்கள்.

கேள்வி: வட்டப் பின்னல் மெஷினில் நூல் இழுவிசை எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு சின்ன சிமுலேஷன். க்னூபிளாட்டில் வரைந்தால், கோடு கடைசிப் புள்ளிக்குப் போய், அங்கிருந்து குறுக்கே ஒரு நேர்க்கோடு இழுத்துத் தொடக்கத்துக்குத் திரும்பி, மறுபடி கிளம்புகிறது. நண்பர் ‘கோடு வேண்டாம், புள்ளியாக வரை, தெரியாது’ என்றார். அப்படியே செய்துவிட்டேன். சரிதானே?
— நிட்டிங் யூனிட், அங்கேரிபாளையம்

பதில்: நண்பர் கெட்டிக்காரர், ஓட்டை தெரியாமல் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லியிருக்கிறார். அந்தக் குறுக்குக் கோடு உங்களுக்கு உதவி செய்ய வந்தது. ஃபைலைத் திறந்து நேரம் இருக்கும் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். 9.8, 9.9, 10 என்று போய் அடுத்த வரியில் திரும்பவும் 0 இருக்கும். உங்கள் நிரல் ஃபைலை ‘அப்பெண்ட்’ முறையில் திறக்கிறது. நேற்றைய ரன்னுக்குக் கீழே இன்றையது, அதற்குக் கீழே நாளையது. புள்ளியாக வரைந்தால் மூன்று நாள் இழுவிசையும் ஒரே நாள் சிதறல் மாதிரித் தெரியும், மெஷினில் ஏதோ அதிர்வு என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவீர்கள்.

‘ரைட்’ முறைக்கு மாற்றுங்கள். பழைய ரன்னும் அதே ஃபைலில் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் ரன்னுக்கு ரன் இரண்டு காலி வரி விடச் சொல்லுங்கள். க்னூபிளாட் அவற்றைத் தனித்தனித் தொகுதியாக எடுத்துக்கொள்ளும். ‘இண்டெக்ஸ்’ கொடுத்து வேண்டியதை மட்டும் வரையலாம்.

கேள்வி: துணி உலர்த்தும் ஸ்டென்டருக்குள் காற்றோட்டத்தை ஓப்பன்ஃபோமில் செய்கிறேன். முதலில் 5 விநாடி வரை ஓட்டினேன். பிறகு நாசில் கோணத்தை மாற்றி, நேரம் போதாததால் 3 விநாடி வரை மட்டும் ஓட்டினேன். முதல் ரன் ராத்திரி முழுக்க ஓடியது, இரண்டாவது கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது! பாராவியூவில் பார்த்தால் 5 விநாடி வரை படம் வருகிறது. போனஸா?
— ஜவுளித் தொழில்நுட்ப மாணவர், அவிநாசி

பதில்: போனஸ் கொடுக்கும் மென்பொருளை நான் பார்த்ததில்லை.

கன்ட்ரோல் ஃபைலில் ‘கடைசி நேரத்திலிருந்து தொடங்கு’ என்று வைத்திருக்கிறீர்கள். ஃபோல்டரில் 5 என்ற பெயரில் பழைய ரன்னின் கடைசி நேரம் கிடக்கிறது. நிரல் அங்கே போய் நின்று பார்த்தது. முடிவு நேரம் 3, தான் நிற்பது 5. செய்ய ஒன்றும் இல்லை என்று ‘எண்ட்’ போட்டுவிட்டுப் போய்விட்டது. நீங்கள் பார்ப்பது முழுக்க முழுக்கப் பழைய நாசில்.

தொடக்கத்தை 0 என்று மாற்றினாலும் பாதிதான் தீரும். 3 வரைக்கும் புதிய நாசில், 3க்கு மேல் 5 வரைக்கும் பழைய நாசில். வீடியோவாக எடுத்தால் 3ஆவது விநாடியில் காற்று திடீரென்று திசை மாறும், அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து ரிப்போர்ட்டில் எழுதுவீர்கள். சின்ன ரன் பெரிய ரன்னின் வாலை அழிக்காது. 0 தவிர மற்ற நேர ஃபோல்டர்களையும், போஸ்ட்பிராசசிங் ஃபோல்டரையும் நீக்கிவிட்டு ஓட்டுங்கள். நேர ஃபோல்டர்களை நீக்க ‘ஃபோம்லிஸ்ட்டைம்ஸ்’ கட்டளையிலேயே வழி இருக்கிறது. ராத்திரி ஓடிய ரன் அவ்வளவு அருமை என்றால் முதலில் அதை வேறு பெயருக்கு நகர்த்துங்கள்.

கேள்வி: நான் சிமுலேஷன் எல்லாம் படித்தவன் இல்லைங்க. கட்டிங் செக்‌ஷனில் இருக்கிறேன். வாஷ் டெஸ்டில் நீளவாக்கில் சுருக்கம் அதிகம் வந்தது என்று பேட்டர்னைக் கூட்டிப் போட்டார்கள். கேட் ரூமில் திருத்திவிட்டோம் என்றார்கள். பிளாட்டரில் வந்த மார்க்கரை லேயில் போட்டு வெட்டினோம். பார்த்தால் பழைய அளவு. கேட் ரூமில் கேட்டால் ‘நாங்கள் திருத்தியது திருத்தியதுதான்’ என்கிறார்கள். குற்றம் என் தலையில். எனக்கு ஒரு பதில் வேண்டும்.
— கட்டிங் மாஸ்டர், சிறுபூலுவபட்டி

பதில்: இங்கே வந்த கடிதங்களில் மிகச் சரியான கேள்வி உங்களுடையதுதான் அண்ணா. கேட் ரூம்காரர் சொன்னது பொய் இல்லை. அவர் திருத்தியது பேட்டர்னை. பிளாட்டர் வரைவது பேட்டர்னை அல்லவே.

பேட்டர்ன் ஒரு ஃபைல். அதை அடுக்கி உண்டாக்கும் மார்க்கர் இன்னொரு ஃபைல். மார்க்கரிலிருந்து பிளாட்டருக்கு என்று எழுதும் பிளாட் ஃபைல் மூன்றாவது. கெர்பர், லெக்ட்ரா, ஆப்டிடெக்ஸ் எது வைத்திருந்தாலும் இந்த மூன்று படி இருக்கும். கடைசி ஃபைலில் இருப்பது வெறும் கோடு. பேனா எங்கே இறங்க வேண்டும், எங்கே தூக்க வேண்டும் என்பது மட்டும். அதற்கு ஸ்டைல் தெரியாது, சுருக்கம் தெரியாது, பையர் தெரியாது. மேலே பேட்டர்ன் மாறியது அதற்குத் தானாகப் போய்ச் சேராது. மார்க்கரைப் புது பேட்டர்னில் மறுபடி அடுக்கி, பிளாட் ஃபைலை மறுபடி எழுதினால்தான் புதிது வரும். பிளாட்டர் வரிசையில் நேற்றே அனுப்பிய வேலை காத்திருந்தால், புதிதை அனுப்பியபின்பும் முதலில் விழுவது பழையதுதான்.

உங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறேன். மார்க்கர் பேப்பரின் தலைப்பில் ஸ்டைல் நம்பர், சைஸ் விகிதம், துணி அகலம் எல்லாம் அச்சாகிறது இல்லையா, அதோடு பேட்டர்ன் திருத்திய தேதியும் சுருக்க சதவீதமும் அச்சாக வேண்டும் என்று கேளுங்கள். செய்து கொடுக்க முடியும், கேட்பவர் இல்லாததால் கொடுப்பதில்லை. பிறகு லே போடும் முன் டேப்பை எடுத்து ஒரு சைஸின் பாடி நீளத்தையும் மார்பையும் பேப்பரின் மேலேயே அளந்து பாருங்கள். 100 அடுக்கு வெட்டியபின் தெரிவது அப்போதே தெரிந்துவிடும். பழைய மார்க்கர் பேப்பர் மிச்சம் கிடந்தால் கிழித்துப் போடுங்கள், சுருட்டி மூலையில் சாத்தாதீர்கள். கேட் ரூமுக்கு: பேட்டர்ன் திருத்தினால் அந்த ஸ்டைலின் பழைய பிளாட் ஃபைல்களை அப்போதே நீக்குங்கள். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் நியூ 2’ என்று டெஸ்க்டாப்பில் கிடப்பவற்றில் எது கடைசி என்று வைத்தவருக்கே ஒரு வாரத்தில் மறந்துபோகும்.

இந்தப் பக்கத்தை வெட்டி உங்கள் மேனேஜர் மேஜையில் வையுங்கள்.

கேள்வி: ஃபைலின் தேதியைப் பார்த்துத்தான் எது புது அவுட்புட் என்று முடிவு செய்கிறேன். ஆபீஸில் ஓட்டி, பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுவந்து கிராஃப் போடுவேன். இது போதாதா?
— ஊத்துக்குளி

பதில்: ஒரே கம்ப்யூட்டரில் இருக்கும்வரை போதும். பயணம் கிளம்பிவிட்டால் போதாது.

விண்டோஸில் நகல் எடுத்தால் ‘திருத்திய நேரம்’ பழையதே இருக்கும், ‘உருவாக்கிய நேரம்’ நகல் எடுத்த நேரமாகிவிடும். உருவாவதற்கு முன்பே திருத்தப்பட்ட ஃபைல் என்று பார்த்து மிரண்டவர்கள் உண்டு. லினக்ஸில் சாதாரணமாக நகல் எடுத்தால் திருத்திய நேரமே இன்றையதாகிவிடும், போன வருட ஃபைல் இன்று பிறந்ததாகக் காட்டும். மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ வந்தது என்றால் பெரும்பாலும் டவுன்லோடு செய்த நேரம்தான் தெரியும். ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் திருத்திய நேரத்தை இரண்டு விநாடிக்கு ஒருமுறைதான் குறிக்கும், சட்சட்டென்று முடியும் ரன்களில் எது முன், எது பின் என்று அதற்கே தெரியாது. இதற்கெல்லாம் மேலே, குடோன் மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் சீமாஸ் பேட்டரி செத்து, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அது தயாரான வருடத்துக்கே திரும்பிப் போயிருக்கும். மேலே ஒரு கடிதத்தில் மேக்கைப் புகழ்ந்தேன், அதுவும் தேதியை நம்பித்தான் பிழைக்கிறது. ‘க்ளாக் ஸ்கியூ’ என்று அது எச்சரித்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

இரண்டு இடத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று தெரிய உள்ளடக்கத்தை ஒப்பிடுங்கள். விண்டோஸிலேயே ‘செர்ட்யூடில்’ இருக்கிறது, எஸ்.எச்.ஏ.256 கைரேகை எடுத்துக் கொடுக்கும். இரண்டு கைரேகையும் ஒன்றென்றால் ஃபைலும் ஒன்று.

கேள்வி: தையல் லைன் பேலன்சிங்கை எக்செல்லில் செய்திருக்கிறேன். எஸ்.ஏ.எம். மாற்றினால் என் கம்ப்யூட்டரில் பார் சார்ட் நகர்வதில்லை, மேனேஜர் கம்ப்யூட்டரில் நகர்கிறது. எனக்கு முன்னால் இருந்தவரின் பெரிய காஸ்டிங் ஷீட் எப்போதும் திறந்திருக்கும். அதனாலா?
— ஐ.இ. பிரிவு, நல்லூர்

பதில்: அதனாலேதான். அந்தப் பெரிய ஷீட் மெதுவாக இருக்கிறது என்று அவர் அதை ‘மேனுவல் கால்குலேஷன்’ ஆக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். முதலில் திறக்கும் ஷீட் எப்படியோ அப்படியே அன்றைக்குத் திறக்கும் மற்றவையும். எஃப்9 அழுத்துங்கள், பிறகு ‘ஆட்டோமேடிக்’ ஆக்குங்கள். பிவட் டேபிளிலிருந்து வரைந்த சார்ட் என்றால் அது வேறு கதை, ‘ரிஃப்ரெஷ்’ செய்யாமல் பிவட் பெரும்பாலும் மாறாது.

கேள்வி: பழைய அவுட்புட்டை அழிக்கும் வரியை நிரலின் தொடக்கத்தில் சேர்த்தேன். நட்சத்திரக் குறியை ஒரு ஃபோல்டர் மேலே போட்டுவிட்டேன் போல. வாரக்கணக்கில் ஓட்டிய ரன் எல்லாம் போய்விட்டது. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. கைடிடம் எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை.
— மாணவி, முதலிபாளையம்

பதில்: முதலில் சாப்பிடுங்கள் கண்ணு.

இன்புட் ஃபைல்கள் இருக்கின்றனவா? கைடுக்கு மெயிலில் அனுப்பியிருப்பீர்களே, ‘சென்ட்’ பக்கம் பாருங்கள். எந்த மென்பொருள், எந்த வெர்ஷன், ரேண்டம் எண் வரும் மாதிரி என்றால் எந்த ‘சீட்’, இவ்வளவும் தெரிந்தால் போனது கம்ப்யூட்டரின் நேரம் மட்டும்தான். அது மறுபடி ஓடிக் கொடுக்கும். கைடிடம் இன்றே சொல்லுங்கள். துறை கம்ப்யூட்டர் லேபில் ராத்திரிக்கு நாலு மெஷின் கேட்டு வாங்கித் தர அவரால் முடியும், தெரிந்தால்தானே கேட்பார்.

இனிமேல் அழிக்காதீர்கள், நகர்த்துங்கள். ரன் தொடங்கும்போது பழைய ஃபோல்டருக்கு ‘பழசு’ என்று முன்னொட்டுப் போட்டுப் பெயர் மாற்றினால் கிராஃப் நிரல் கண்ணுக்கு அது மறைந்துவிடும். நிதானமாக இருக்கும் ஒரு நாளில் கையால் அழித்துக்கொள்ளலாம். இன்புட் ஃபோல்டரை ‘ரீட் ஒன்லி’ ஆக்கி வையுங்கள். முதல் கடிதத்தில் அழியுங்கள் என்று அந்தத் தம்பியிடம் சொன்னேன். நட்சத்திரக் குறியோடு அழிக்கச் சொல்லவில்லை.

கேள்வி: கரண்ட் போனால் பாதி எழுதிய அவுட்புட்டும் முழு ஃபைல் மாதிரியே இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?
— மங்கலம்

பதில்: கண்டுபிடிக்கும் வேலையே வராமல் செய்யலாம். வேறு ஒரு தற்காலிகப் பெயரில் எழுதச் சொல்லுங்கள். ரன் முழுதாக முடிந்தபின் கடைசி வரியில் சரியான பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே டிரைவில் இருக்க வேண்டும். சரியான பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறது என்றால் அந்த ரன் முடிந்தது என்று அர்த்தம். கூடவே ஒரு யு.பி.எஸ். வாங்குங்கள், கஞ்சத்தனம் வேண்டாம்.

கேள்வி: நீங்கள் முன்பு ஒருமுறை எழுதியபடி கிராஃபின் மூலையில் ரன் நம்பர் வரவைத்தேன். பையருக்கு அனுப்பும் படத்தில் இதென்ன அசிங்கம், எடு என்கிறார் முதலாளி.
— மெர்ச்சண்டைசர், ராயபுரம்

பதில்: எழுத்தை 6 பாயிண்ட்டாக்கி, வெளிர் சாம்பல் நிறத்தில், வலது கீழ் மூலையில் போடுங்கள். பத்தில் ஒன்பது முதலாளிகளுக்குத் தெரியாது. உங்களவர் அந்தப் பத்தாவது ஆள் என்றால் படத்தின் உள்ளேயே எழுதிவிடுங்கள். மேட்பிளாட்லிப்பில் படத்தைச் சேமிக்கும் வரியில் ‘மெட்டாடேட்டா’ என்று ஒன்று கொடுக்கலாம், ரன் நம்பர் வெளியே தெரியாமல் ஃபைலோடு போகும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் மட்டும் அது உரிந்துபோகும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.